சுலோசனா டீச்சரின் சென்டமும் என் வயிற்றெரிச்சலும்

போன வாரம் நித்யா போன் செய்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்குக் கணக்கு ஆசிரியையாக வந்த பெண். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு அவள் பொறுப்பு. பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரையும் பொதுத்தேர்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும், யாரையும் கழற்றிவிடக் கூடாது என்று துறையிலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்களாம். தாளாளரோ, வாசலில் கட்டுகிற பேனரில் நூறு சதவீதம் என்று போடாவிட்டால் அடுத்த வருஷம் சேர்க்கைக்கு யார் வருவார்கள் என்கிறாராம். இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு நிற்கிறாள். “உங்க காலத்துல இத எப்படி சார் சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் சுலோசனா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவரைப் பற்றி என்னால் வயிறு எரியாமல் பேச முடியாது. என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். பள்ளியில் பாராட்டு விழா நடந்த நாட்களில், வாசலில் நான் செருப்பைக் கழற்றுகிற வேகத்தைப் பார்த்தே, “இந்த வருஷமும் டீச்சருக்குத்தானா? மோர் கலக்கட்டுமா?” என்பாள். வயிற்றெரிச்சலுக்கு மோர் நல்லது என்பது அவளுடைய வைத்தியம். நான் குடித்த மோருக்கு உறையூரில் ஒரு பசுவையே வளர்த்திருக்கலாம்.

நான் பி.எட். படித்தது, லால்குடி பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிகமாகச் சில வருஷம் ஓட்டியது, இதிலெல்லாம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் ஸ்ரீரங்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். நான் சேர்ந்த அதே வாரத்தில் சுலோசனா டீச்சரும் ஆங்கில ஆசிரியையாக வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பிடித்த சனி.

அவருக்குப் பிறகு வகுப்புக்குப் போகிற துர்ப்பாக்கியம் எனக்கு வாய்த்திருந்தது. கரும்பலகையில் அவர் எழுதியது அப்படியே இருக்கும். அழிக்கச் சொன்னால் வகுப்புத் தலைவன் தயங்குவான். “மிஸ் எழுதினது அழகா இருக்கு சார், நாங்க இன்னும் எழுதி முடிக்கல” என்பான். மூலையில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் நான் இயற்கணிதம் நடத்தியிருக்கிறேன். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் கைப்பையை வாங்கிக்கொள்ளப் பெண்கள் ஓடுவார்கள். நான் பஞ்சரான சைக்கிளைக் காவிரிப் பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்த நாளில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. முக்கொம்புக்கு ஆசிரியர்கள் எல்லாம் சுற்றுலா போனபோது அவர் கொண்டுவந்த தயிர்சாதம் பந்தி முடிவதற்குள் காலி. என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையை நானே இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் குரங்குகளுக்குப் போட்டேன். குரங்குகள்கூட யோசித்துத்தான் எடுத்தன.

இதெல்லாம் சில்லறை. பெரிய எரிச்சல் சென்டம். ஒரு பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டால் அதைச் சென்டம் என்போம். வருஷா வருஷம் அவருக்கு ஆங்கிலத்தில் சென்டம். எனக்குக் கணக்கில் ஒன்றாவது போய்விடும். மழைக்காலத்தில் யாருக்காவது சளி பிடிப்பதைப் போல, கணக்கில் யாராவது பெயிலாகத்தான் செய்வார்கள். ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போடுவார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். அவர் வீட்டில் அத்தனை கடிகாரம் மாட்டச் சுவர் இருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. கொஞ்சமாவது அலட்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வரேன் சார்” என்று என்னிடமும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். அந்த அடக்கத்தைத்தான் தாங்க முடியாது.

எங்கள் தலைமையாசிரியர் சடகோபன் சார். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பளிச்சென்று திருமண், பஞ்சக்கச்சத்துக்கு மேலே கோட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பொதுத்தேர்வுக்கு யாரை அனுப்புவது என்பதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. அதை நான் வேறு எந்தப் பள்ளியிலும் கேள்விப்பட்டதில்லை.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் வகுப்பாசிரியரைக் கூப்பிடுவார். தேறுவது கஷ்டம் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். அவர்களைப் பெற்றவர்களுக்குத் தகவல் போகும். வந்தவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைப்பார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் வந்த காபியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். ஊரில் மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று விசாரிப்பார். அப்புறம் பிள்ளையைப் புகழ்வார். ரொம்ப நல்ல குழந்தை, பெரியவர்களிடம் மரியாதை, ஒரு நாள் தாமதமாக வந்தது கிடையாது. கேட்கிறவர் குளிர்ந்து போயிருக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தபடியே, “கொழந்தைக்கு இன்னும் ஒரு வருஷம் மட்டும் கெடச்சா...” என்று வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச மாட்டார். அந்தப் பாதி வாக்கியம் அறையில் அப்படியே நிற்கும். எதிரே இருக்கிறவருக்குத்தான் தவிப்பாக இருக்கும். கடைசியில் அவரே, “அப்ப அடுத்த வருஷம் எழுதட்டுங்களா சார்?” என்பார். சடகோபன் சார் நிமிர்ந்து பார்ப்பார், தன் மனதில் அப்படியொரு எண்ணமே இல்லாதது போல. உங்கள் அபிப்பிராயம் அதுதான் என்றால் நான் எப்படி மறுப்பது என்பார். மாற்றுச் சான்றிதழ் தயாராக இருக்கும். பெற்றோர் விருப்பப்படி என்று அதில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து படித்துத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்று ஆசீர்வாதம் செய்து அனுப்புவார். “நம்ம பள்ளிக்கூடம் இதுவரைக்கும் ஒரு கொழந்தையையும் நிறுத்தினது கெடையாது ஓய்” என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பெற்றவர்கள்தான் கேட்டார்கள்.

தனித்தேர்வராக எழுதப் போனவர்களில் எழுதினவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை. சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், “என்ன பாக்கறீங்க சார், காட்டனா?” என்று கேட்ட பெண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. விலை சொல்லும்போதுதான் நினைவுக்கு வந்தது, நான்காவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும்தான்.

பூங்கொடி விஷயத்துக்கு வருகிறேன். உப்பிலியபுரத்துப் பெண். அப்பா பெரியண்ணன், பச்சைமலை அடிவாரத்தில் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் போடுகிறவர். அங்கே பள்ளியில் ஆங்கிலத்துக்கு வெகுகாலம் ஆசிரியரே இல்லை என்று, ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தார். திருவானைக்காவலில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கேட்டால்கூடப் பதில் சொல்லத் தயங்குகிற பெண். கணக்கில் பரவாயில்லை, தட்டுத் தடுமாறித் தேறிவிடுவாள். ஆங்கிலத்தில் அரையாண்டுத் தேர்வில் அவள் வாங்கியதைச் சொன்னால் அவளுக்கு மரியாதை இல்லை. தமிழில் எழுதியிருந்தால்கூட அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

அந்த வருஷம் வகுப்பாசிரியர் நான். பெரியண்ணனைத் திங்கட்கிழமை வரச் சொல்லித் தகவல் போயிற்று. இந்த இடத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கணக்கு வாத்தியார் இல்லையா, கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பூங்கொடி தேர்வு எழுதினால் என் பாடத்தில் தேறிவிடுவாள். ஆங்கிலத்தில் நிச்சயம் போவாள். அவள் போனால் சுலோசனா டீச்சரின் சென்டமும் கூடவே போகும். வருஷக்கணக்காக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. மேடையில் சால்வை இல்லாமல் ஒரு ஆண்டு விழா.

அதற்கு முந்தின சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுலோசனா டீச்சர் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தோளில் துண்டு, காலடியில் வெங்காய மூட்டை. பெரியண்ணன்தான். தங்கை வீட்டுக்கு மூட்டை கொண்டுவந்தவர் அப்படியே பள்ளிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார், அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் கையை அசைத்து அசைத்து எதையோ விளக்க, அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. தன் சென்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனுஷனை இப்போதே தயார் செய்கிறார், தலைமையாசிரியரின் வேலையையும் இவரே எடுத்துக்கொண்டார் என்று தீர்மானித்துவிட்டேன். அன்று ராத்திரி இரண்டு டம்ளர் மோர்.

திங்கட்கிழமை காலையில் நான் ஸ்ரீரங்கத்துக்கு நேரே போகவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில், உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாக வருகிற பஸ்கள் நிற்கிற பக்கம் காத்திருந்தேன். பெரியண்ணன் இறங்கியதும் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, அவரிடம் நான் கேட்காததையும் சொன்னார். “ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா அது படிக்காதுங்க சார். வெங்காயக் காட்டுல ஒரு நா கால வச்சா, அம்மாவுக்குத் தொணையா அங்கயே நின்னுரும். அத அங்க நிக்க வெக்கக் கூடாதுன்னுதான் இங்க கொண்டாந்து விட்டேன்.” அதைக் கேட்டபோது அந்தப் பெண்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் நான் அங்கே போனது அதற்காக இல்லை.

“ஹெட்மாஸ்டர் ரொம்ப நல்லாப் பேசுவாருங்க” என்றேன். “காபி குடுப்பாரு. கடைசில ஒரு பேச்சப் பாதியில விட்டுருவாரு. அத நீங்க முடிச்சு வெக்காதீங்க. என்ன கேட்டாலும், ‘நீங்க பாத்து செய்ங்க சார்’னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்.”

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “நீங்க பாத்து செய்ங்க சார். அவ்வளவுதானுங்களே?” என்றார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டுவிட்டார். பரவாயில்லை, நாமும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தலைமையாசிரியர் அறையில் நானும் சுலோசனா டீச்சரும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பெரியண்ணன் மின்விசிறிக்குக் கீழே. காபி ஆயிற்று, மழை ஆயிற்று, வெங்காய விலை ஆயிற்று. பூங்கொடியின் குணங்கள் எல்லாம் ஆயின. சடகோபன் சார் கண்ணாடியைக் கழற்றினார். “கொழந்தைக்கு இன்னும் ஒரு வருஷம் மட்டும் கெடச்சா...”

பெரியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க பாத்து செய்ங்க சார்” என்றார்.

சடகோபன் சாரின் கை துடைப்பதை நிறுத்தியது. மறுபடி துடைத்தார். தனித்தேர்வராக எழுதுவதில் இப்போதெல்லாம் சிரமமே இல்லை என்று பொதுவாகச் சொன்னார். பெரியண்ணன் ஆமாங்க என்றார். அவசரப்பட்டு எழுதித் தவறிப்போனால் குழந்தையின் மனசு உடைந்துவிடுமே என்றார் சடகோபன் சார். பெரியண்ணன் அதற்கும் ஆமாங்க என்றார். “அதனால, உங்க அபிப்பிராயம் எப்படின்னு சொன்னேள்னா...” என்று இன்னொரு பாதியை விட்டார்.

“நீங்க பாத்து செய்ங்க சார்.”

சடகோபன் சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெற்றவர் கேட்காமல் அவராக நிறுத்த முடியாது. நிறுத்தினால், ஒரு குழந்தையையும் நிறுத்தியதில்லை என்று இத்தனை வருஷம் சொன்ன சொல் போய்விடும். அந்தச் சொல்லில் அவருக்கு உண்மையிலேயே பக்தி இருந்தது. இன்னும் ஒரு டம்ளர் காபி ஊற்றினார். பெரியண்ணன் அதையும் குடித்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். கடைசியில் சடகோபன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பெருமாள் திருவுள்ளம் அப்படித்தான் போலிருக்கு. கொழந்தை எழுதட்டும்” என்றார். சுலோசனா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். உதட்டில் ஒரு சிரிப்பு தெரிந்தது. தோற்றுப்போனதை மறைக்கிற சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அங்க அடையாளம் இரண்டு குறித்து அனுப்ப வேண்டும், மச்சமோ தழும்போ. பையன்களுக்கு நான் பார்ப்பேன், பெண்களுக்கு சுலோசனா டீச்சர் பார்ப்பார். எனக்குக் கிடைத்ததெல்லாம் சைக்கிளில் விழுந்த முட்டித் தழும்புகள். அவரிடமோ பெண்கள் மச்சத்தைக் காட்டுகிற சாக்கில் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அன்று மதியம் ஆசிரியர் அறை ஜன்னலோரம் பூங்கொடியின் முழங்கை மச்சத்தைக் குறித்துக்கொண்டே வெகுநேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். வகுப்பாசிரியர் நான். என்னிடம் அவள் அழுததும் இல்லை, சிரித்ததும் இல்லை.

மறுநாளிலிருந்து டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியில் திருவானைக்காவலில் இறங்க ஆரம்பித்தார். அத்தை வீட்டில் உட்கார்ந்து பூங்கொடிக்கு ஆங்கிலம். மழையானாலும் பண்டிகையானாலும் விடவில்லை. சென்டத்துக்காக இந்த அம்மாள் என்ன பாடுபடுகிறார் பார் என்று நான் மனைவியிடம் சொன்னேன். வகுப்பில் நான் வடிவியல் நடத்தும்போது பூங்கொடி மடிக்கு மேல் நோட்டை வைத்து ஆங்கிலக் கட்டுரை மனப்பாடம் செய்வாள். நான் கண்டுகொள்ளவில்லை. என் பாடத்தில்தான் அவள் தேறிவிடுவாளே.

முடிவு வந்த அன்று சடகோபன் சார் அறையில் கூடியிருந்தோம். பூங்கொடி ஆங்கிலத்தில் தேறியிருந்தாள், கௌரவமான மதிப்பெண். தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் சரி. கணக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

சடகோபன் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மேசையில் வைத்தார். “இங்கிலீஷ்ல போகும்னுதானே பயந்தோம். கணக்குல போயிடுத்தே ஓய்” என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாயிற்று. அந்த வருஷமும் எங்கள் பள்ளியின் நூறு சதவீதம் போனது, என் பாடத்தால், என் வகுப்பில், நான் டீ வாங்கிக்கொடுத்துக் காப்பாற்றிய பெண்ணால். சுலோசனா டீச்சருக்கு வழக்கம்போல ஆங்கிலத்தில் சென்டம். அந்த வருஷச் சால்வை மஞ்சள் நிறம், சரிகைக் கரை. மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தேன்.

கோடையில் மிச்சமிருந்த நாள் முழுக்கப் பள்ளி வராந்தாவில் பூங்கொடிக்கு நான் கணக்கு நடத்தினேன். பள்ளி மூலம் எழுதியவள் என்பதால் அடுத்த மாதமே துணைத் தேர்வு எழுத முடிந்தது. தேறினாள். அந்த வருஷமே பதினொன்றாம் வகுப்பிலும் சேர்ந்தாள். இனிப்பு டப்பாவோடு பள்ளிக்கு வந்தவள், நேரே போய் சுலோசனா டீச்சர் காலில் விழுந்தாள். அப்புறம் ஆசிரியர் அறை முழுக்கச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, “எடுத்துக்குங்க சார்” என்றாள். கோடை வெயிலில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். எனக்குக் கிடைத்த லட்டும் உடைந்திருந்தது.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சடகோபன் சார் ஆச்சாரியன் திருவடி அடைந்துவிட்டார். நானும் டீச்சரும் முன்னும் பின்னுமாக ஓய்வு பெற்றோம். பூங்கொடி இப்போது உப்பிலியபுரத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். பட்டா, வருமானச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் ஊரே அவளிடம்தான் வருகிறது. படிப்பை விட்டவர்களைத் தேடிப்பிடித்துத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போட்டுவிடுகிறாளாம். நித்யா போன் செய்த மறுநாள் பூங்கொடியின் புதுமனை புகுவிழா. எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். சத்திரத்தில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஏறியதுமே ஒரு இளைஞன் எழுந்து டீச்சருக்கு ஜன்னலோர இடம் கொடுத்தான். நான் துறையூர் முசிறி ரோடு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விருந்து முடிந்து பெரியண்ணன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் கட்டிய வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “ரெண்டு பேரும் சொன்ன அந்த ஒரு வார்த்தைதாங்க இதெல்லாம். சனிக்கெழம டீச்சரம்மா தண்ணித் தொட்டிகிட்ட வச்சு சொன்னாங்க, எதக் கேட்டாலும் ‘நீங்க பாத்து செய்ங்க சார்’னு மட்டும் சொல்லுங்கன்னு. யார்ட்டயும் மூச்சு விடாதீங்கன்னாங்க. திங்கக்கெழம நீங்க டீ வாங்கிக் குடுத்து அச்சு பிசகாம அதையே சொன்னீங்க. ரெண்டு வாத்தியாரும் ஒண்ணாச் சொன்னப்பதான் எனக்குத் தெம்பு வந்துச்சு.”

நான் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவில்லை. டீச்சர் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. துறையூர் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன், அவள் ஆங்கிலத்தில் தவறியிருந்தால் உங்கள் சென்டம் போயிருக்குமே டீச்சர் என்று.

“போயிருக்கும்தான். ஞாயித்துக்கெழம பூரா மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு சார்” என்றார். “அவசரப்பட்டு சொல்லிட்டோமே, காலைல அவரப் பாத்து வேணாம்னு சொல்லிரலாமான்னுகூட நெனச்சேன். சத்திரத்துல பஸ் நிக்கறப்ப பாத்தா, நீங்க அவரோட டீக்கடையில நிக்கறீங்க. அவரு தலைய ஆட்டுறாரு. எனக்குப் புரிஞ்சிருச்சு. கணக்கு சாரு அவரு க்ளாஸ் ரிசல்ட் போனாப் போவுதுன்னு நிக்கறாரு, நாம ஒரு சால்வைக்கு யோசிக்கறோமேன்னு வெக்கமாப் போச்சு. அதான் வாய மூடிட்டு வந்து உக்காந்தேன். நீங்களே சொல்லிக்காம செஞ்சத நான் ஏன் கேக்கணும்னு இத்தன வருஷமும் விட்டுட்டேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். அதற்காக எத்தனை ஆண்டு விழாக்களில் மூன்றாவது வரிசையில் காத்திருந்தேன். கடைசியில் அது வந்தபோது கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவருடைய சென்டத்தைக் கவிழ்க்கத்தான் அங்கே நின்றேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆமாம் டீச்சர் என்றும் சொல்லவில்லை. காற்று அடிக்கிறது என்று ஜன்னலை இழுத்து மூடினேன். நல்லதைச் செய்ததில் அவர் முந்திக்கொண்டார் என்றால்கூடப் பரவாயில்லை. நான் கெட்ட எண்ணத்தோடு செய்ததையும் நல்லதாகப் பார்க்கிற கண் அவருக்கு இருக்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நித்யாவுக்குப் போன் செய்தேன். வகுப்பில் யாராவது சந்தேகத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு பெண் இருக்கிறாள், பெயர் சொன்னாள், வெள்ளிக்கிழமை அவள் அம்மாவைத் தலைமையாசிரியர் வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். அதற்கு முன்னாலேயே அந்த அம்மாளைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையையும் சொல்லிக்கொடுத்தேன். நித்யா அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

“சூப்பர் சார். இது யாரு கண்டுபிடிச்சது, நீங்களா?”

கூடத்தில் மனைவி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்புகிற சத்தம் நின்றது.

“சுலோசனா டீச்சர்மா” என்றேன். “நான் ரெண்டு நாள் லேட்டு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நான் கேட்காமலே மேசையில் ஒரு டம்ளர் மோர் இருந்தது.